ஸ்பிரிங்கா, காயில்ஓவரா: பெங்களூரில் காரைத் தாழ்த்துவதற்கு முன்

அல்சூர் ஏரிக்கரையில் நிற்கும் திருவள்ளுவர் சிலையிலிருந்து என் அடுக்ககத்து வாசல் வரை பதினொரு வேகத்தடைகள். கார் வாங்கிய புதிதில் நான் அவற்றை எண்ணியதே இல்லை. 30 மில்லிமீட்டர் தாழ்த்திய மறுநாள் எண்ணினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் வைத்தேன். இங்கே எழுதக்கூடிய பெயர்கள் அல்ல.

அதற்கு ஒரு வாரம் முன்பு சிவாஜிநகரில் வேலூர்ப் பக்கத்து மெக்கானிக் ஒருவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். “தம்பி, ஸ்பிரிங் விலையெல்லாம் விசாரித்துவிட்டீர்கள். வீட்டு இறக்கத்தை அளந்தீர்களா?” அளக்கவில்லை. அதற்கான அபராதமாக முன் பம்பரின் கீழ் உதட்டைக் கொடுத்தேன். பழைய பிஎம்டபிள்யூ இசட்4, ஆடி டிடி, போர்ஷே கேமன் போன்ற ஒரு ஸ்போர்ட்ஸ் காரைச் சேமிப்பைக் கரைத்து வாங்கிவிட்டு, ‘மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இவ்வளவு இடைவெளியா’ என்று முகம் சுளிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படிச் சுளித்தவன்தான். அந்த இடைவெளியைக் குறைக்க வழி இரண்டு: லோயரிங் ஸ்பிரிங், காயில்ஓவர்.

எது என்ன வேலை செய்கிறது

நம் வீடுகளில் தூளியை உத்தரத்தில் நேராகக் கட்டாமல் நடுவில் ஒரு ஸ்பிரிங் மாட்டித் தொங்கவிடுவது உண்டு. ஒருமுறை இழுத்து விட்டால் அது தானாக நிற்பதில்லை; மேலும் கீழும் குதித்துக்கொண்டே இருக்கும். பாட்டி கை வைத்தால்தான் அடங்கும். காரில் அந்தக் கையின் வேலையைச் செய்வது ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் எடையைத் தாங்கும், அடியை வாங்கிச் சேமிக்கும். ஷாக் அப்சார்பர் அந்த ஆட்டத்தை எண்ணெய்க்குள் வெப்பமாக மாற்றித் தீர்த்துவிடும்.

லோயரிங் ஸ்பிரிங் என்பது கம்பெனி ஸ்பிரிங்கைவிடக் குட்டையான, சற்று விறைப்பான ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் பழையதே இருக்கும். அதாவது தூளியின் ஸ்பிரிங் மாறிவிட்டது, பாட்டியின் கை மாறவில்லை. காயில்ஓவரில் இரண்டும் ஒரே கூட்டாக வரும். ஷாக்கின் உடம்பில் திருகு வெட்டியிருப்பார்கள், அதிலுள்ள வளையத்தைச் சுழற்றி உயரத்தை மாற்றலாம். பலவற்றில் ஷாக்கின் விறைப்பையும் ஒரு குமிழால் கூட்டிக் குறைக்கலாம்.

காயில்ஓவருக்குக் கொடுக்கும் பணம் உயரத்தை மாற்றும் வசதிக்கு என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அந்த வளையத்தை முதல் மாதம் நான்கு முறை திருகுவோம், பிறகு தொடவே மாட்டோம். பணம் உண்மையில் போவது, அந்த ஸ்பிரிங்குக்கென்றே தைத்துக் கொடுத்த ஷாக் அப்சார்பருக்கு. மலிவான காயில்ஓவரில் மிச்சம் பிடிப்பதும் அதே இடத்தில்தான்.

முதல் வேலை: டேப்பை எடுங்கள்

கடைக்குப் போகும் முன் மூன்று அளவுகள் வேண்டும். சமதளத்தில், அரை டேங்க் பெட்ரோலோடு, வழக்கமாகப் பயணம் செய்யும் இருவரை உட்காரவைத்து அளக்கவும்.

ஒன்று, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை, நான்கு சக்கரங்களிலும். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் தேய்மானமும் கணக்கைக் கெடுக்கும். நான்கு எண்களையும் குறித்து வையுங்கள். பிற்பாடு ‘எவ்வளவு இறங்கியது’ என்று சொல்ல வேறு சாட்சி கிடையாது.

இரண்டு, முன் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து பம்பரின் கீழ் உதடு வரை கிடையாக எவ்வளவு, அந்த உதடு தரையிலிருந்து எவ்வளவு உயரம். இதோடு உங்கள் அடுக்ககத்தின் தரைக்கீழ் நிறுத்தத்துக்கு இறங்கும் சரிவையும் அளக்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கிடைத் தூரம் 70 செ.மீ., உதட்டின் உயரம் 13 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சரிவு எட்டடிக்கு ஓரடி. கீழே இருந்து ஏறத் தொடங்கும் நொடியில் அந்த உதட்டின் அடியில் தரை ஏறக்குறைய 8.7 செ.மீ. உயர்ந்திருக்கும். இப்போது 4 செ.மீ.க்கு மேல் இடைவெளி. 30 மில்லிமீட்டர் தாழ்த்தினால் மிஞ்சுவது 1.3 செ.மீ. எதிரே ஒரு ஸ்கூட்டர் வந்து பிரேக்கைத் தொட்டால், மூக்கு குனிந்து அந்த 1.3-ம் போய்விடும். 40 மில்லிமீட்டர் என்றால் மிஞ்சுவது 3 மில்லிமீட்டர்தான்; பிரேக்கைத் தொடாமலே உரசிவிடலாம். இந்தக் கணக்கை நான் பம்பர் உடைந்த பிறகு போட்டேன்.

மூன்று, வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி. இங்கேதான் வேகத்தடைகள் வருகின்றன. அவற்றைப் பற்றி எனக்கு முன்பு இருந்த எண்ணம் தவறு. சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸின் தரப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட மெல்லிய வளைவு. 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. நான் மேலே சொன்ன மூன்று கார்களுக்கும் முன்-பின் சக்கர இடைவெளி ஏறக்குறைய 2.5 மீட்டர்தான். அப்படியானால் நான்கு சக்கரங்களும் அந்த வளைவின் மேலேயே நிற்கும். நடு வயிற்றுக்குத் தேவைப்படுவது 5 செ.மீ.கூட இல்லை. தரப்படி கட்டிய வேகத்தடை தாழ்ந்த காருக்கும் தொல்லை தராது.

தொல்லை தருவது, ஒரு தெருவாசி அடிபட்ட மறுவாரம் யாரோ தாரைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிச் செய்த மேடு. அரை மீட்டர் அகலம், 15 செ.மீ. உயரம். அது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் வரும்போது காரைத் தூக்கிவிட எதுவும் இல்லை. முழு 15 செ.மீ.யும் வயிற்றின் கீழே இருந்தாக வேண்டும். கோணலாக ஏற்றினால் சக்கரங்கள் ஒவ்வொன்றாக மேட்டின் மேல் ஏறும், கொஞ்சம் தப்பிக்கலாம். உங்கள் தினசரி வழியில் இப்படிப்பட்டது ஒன்று இருந்தாலும், உங்கள் காரின் உயரத்தை முடிவு செய்வது அதுதான். ஒரு செங்கலையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போங்கள். பகலில் போனால் மாநகராட்சி ஆள் என்று நினைத்துக் குழாய்த் தண்ணீர் வராததைப் பற்றியும் கேட்பார்கள்.

அடுத்தது: இருப்பதைப் பாருங்கள்

பழைய காரில் ‘ஆட்டம்’ என்று நாம் உணர்வதில் பெரும்பகுதி கிழிந்த ரப்பர் புஷ்களும் (மூட்டுகளில் அதிர்வை வாங்கும் ரப்பர் உறைகள்) செத்த ஷாக்குகளும்தான். ஷாக் உடம்பில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருக்கிறதா, பம்ப் ஸ்டாப் (சக்கரம் அளவுக்கு மீறி மேலேறினால் அடியை வாங்கும் ரப்பர்) உதிர்ந்துபோயிருக்கிறதா, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டாப் மவுன்ட் (ஷாக்கின் மேல் முனையைக் காரோடு பிணைக்கும் தாங்கி) முனகுகிறதா என்று ஜாக்கியில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றைச் சரி செய்தவுடன் தாழ்த்தும் ஆசையே போய்விட்ட இருவரை எனக்குத் தெரியும்.

டயரையும் பாருங்கள். இசட்4 போன்ற கார்கள் காற்று போனாலும் சற்றுத் தூரம் ஓடும் ரன்-ஃபிளாட் டயரோடு வந்தவை; அதன் பக்கச் சுவர் கட்டை போல இருக்கும். சாதாரண டயருக்கு மாறினாலே பாதி முரட்டுத்தனம் குறையும். ஸ்டெப்னி கிடையாது என்பதால் பஞ்சர் கிட் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும்.

காரில் பொத்தானை அழுத்தினால் விறைப்பு மாறும் மின்னணு ஷாக்குகள் இருந்தால் யோசனை வேறு. லோயரிங் ஸ்பிரிங் போட்டால் அவை அப்படியே வேலை செய்யும். சாதாரணக் காயில்ஓவர் மாட்டினால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். அதை ஏமாற்ற ஒரு மாட்யூல், அதாவது சிறிய மின்னணுப் பெட்டி, வேண்டும். கம்பெனிக்காரன் பெரும் செலவு செய்து வைத்த அமைப்பைக் கழற்றி எறிவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

லோயரிங் ஸ்பிரிங் எடுப்பதாக இருந்தால்

விறைப்பு 30 சதவீதம் கூடிய ஸ்பிரிங்கைப் பழைய ஷாக்கோடு போட்டால், அந்த ஸ்பிரிங்கை அடக்கும் விஷயத்தில் ஷாக் முன்பைவிட ஏறக்குறைய 12 சதவீதம் பலவீனமானதாக ஆகிவிடுகிறது. இது வர்க்கமூலக் கணக்கு. யாரும் தப்ப முடியாது. புது ஷாக் இதைச் சமாளிக்கும். 80,000 கிலோமீட்டர் ஓடிய ஷாக் சமாளிக்காது. மேட்டைத் தாண்டியபின் கார் இரண்டு முறை தலையாட்டும்.

இன்னொன்று, பயணத் தூரம். சக்கரம் மேலே ஏற 60 மில்லிமீட்டர் இடம் இருந்த காரை 30 தாழ்த்தினால் பாதிதான் மிஞ்சும். அதே பள்ளத்தின் அதே அடியைப் பாதித் தூரத்தில் வாங்கி நிறுத்த ஸ்பிரிங் நான்கு மடங்கு விறைப்பாக வேண்டும். எந்த லோயரிங் ஸ்பிரிங்கும் அப்படிச் செய்யப்படுவதில்லை. செய்தால் யாரும் உட்கார முடியாது. ஆகவே மிச்ச அடியைப் பம்ப் ஸ்டாப் ரப்பர் வாங்குகிறது. மழைக்குப் பிந்தைய பெங்களூர்ச் சாலையில் ‘டொக்’ என்று முதுகுத்தண்டில் இறங்குகிறதே, அந்த ஓசை அதுதான். சில ஸ்பிரிங் தயாரிப்பாளர்கள் பம்ப் ஸ்டாப்பை இவ்வளவு வெட்டு என்று கையேட்டில் சொல்வார்கள். அதைச் செய்யாமல் விடுவது ஒரு தவறு, சொல்லாமலே வெட்டுவது இன்னொரு தவறு.

எனவே 25 மில்லிமீட்டருக்கு மேல் இந்த ஊரில் போகாதீர்கள் என்பது என் கட்சி. ஐபாக், எச் அண்ட் ஆர் போன்ற பெயருள்ள தயாரிப்பில் உங்கள் காரின் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் உரிய பாகம் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஆறு சிலிண்டர் காரின் முன் ஸ்பிரிங்கும் நான்கு சிலிண்டர் காரின் முன் ஸ்பிரிங்கும் ஒன்றல்ல. ஷாக் பழையதென்றால் கூடவே மாற்றுங்கள். பில்ஸ்டைன் பி8 போல, தாழ்ந்த ஸ்பிரிங்குக்காகவே தண்டைக் குட்டையாக்கிச் செய்த ஷாக்குகள் இருக்கின்றன. ஸ்பிரிங்கோடு இவற்றைச் சேர்த்தால் உயரத்தையும் விறைப்பையும் மாற்றும் வசதியைத் தவிர, நல்ல காயில்ஓவரின் குணம் பெரும்பாலும் வந்துவிடும்.

கம்பெனி ஸ்பிரிங்கையே ஒரு சுற்று வெட்டித் தருகிறேன் என்று ஜே.சி. ரோடு பக்கம் யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். வெட்டிய முனை அதன் இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் பெயர்ந்துவிடும். நெருப்பில் காய்ச்சி இறக்குவது அதைவிட மோசம். எஃகின் பதமே போய்விடும்.

காயில்ஓவர் எடுப்பதாக இருந்தால்

முதலில் பழைய ஷாக்கின் மேல் மாட்டும் திருகுச் சட்டையைக் காயில்ஓவர் என்று விற்பார்கள். அது வேண்டாம். முழுக் கூட்டாக வருவதையே பாருங்கள். அவற்றிலும் உயரத்தை மாற்றும் முறை இரண்டு. ஸ்பிரிங் உட்காரும் வளையத்தையே இறக்குவது ஒன்று. இதில் தாழ்த்தத் தாழ்த்த ஷாக்கின் பயணமும் குறையும். கீழ்த் தாங்கியைத் தனியாகத் திருகி உயரத்தை மாற்றுவது மற்றொன்று. இதில் ஷாக்கின் பயணம் அப்படியே இருக்கும். வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் விறைப்பாகும் என்பது பரவலான மூடநம்பிக்கை. சீரான ஸ்பிரிங்கில் அப்படி ஆகாது; கார் உயரும், அவ்வளவே.

குமிழ் எத்தனை என்பதில் மயங்காதீர்கள். கேடபிள்யூ நிறுவனத்தின் மூன்று வகைகள் நல்ல உதாரணம்: வி1-இல் உயரம் மட்டும், வி2-இல் ஸ்பிரிங் விரியும்போது வரும் தடையையும் மாற்றலாம், வி3-இல் சுருங்கும்போது வரும் தடையையும் சேர்த்து மாற்றலாம். புதியவருக்கு வி1 அல்லது வி2 வகைக்கு மேல் தேவையில்லை. இரண்டு குமிழ்களையும் மாற்றி மாற்றித் திருகி, எது எதைச் செய்தது என்று தெரியாமல் ஒரு மழைக்காலத்தையே வீணடித்த நண்பர் எனக்கு உண்டு.

பந்து மூட்டு வைத்த டாப் மவுன்ட் வேண்டாம். பந்தயத் தளத்தில் துல்லியம் தரும். சர்ச் ஸ்ட்ரீட்டின் பாவுகற்களில் எவர்சில்வர்ப் பாத்திரக் கூடையை உருட்டுவது போலச் சத்தம் தரும். ரப்பர் வைத்ததே போதும். செம்மண் சேறும் மழையும் திருகில் காய்ந்து வளையம் இறுகிவிடும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். சீல் போனால் திறந்து பழுது பார்க்கும் வசதி நாட்டுக்குள் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். இல்லையென்றால் ஒரு ஷாக்குக்காகக் கார் மாதக்கணக்கில் நிற்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

கணக்கைச் சரியாகப் போடுங்கள். ஸ்பிரிங் விலையைக் காயில்ஓவர் விலையோடு ஒப்பிடுவது தவறு. ஸ்பிரிங், நான்கு புது ஷாக், டாப் மவுன்ட், பம்ப் ஸ்டாப் எல்லாம் சேர்ந்த தொகையை ஒப்பிடுங்கள். ஷாக்குகள் இன்னும் நன்றாக இருந்தால் ஸ்பிரிங்கே மலிவு. அவை போய்விட்டன என்றால் இரண்டு தொகைகளும் நெருங்கி வந்துவிடும். அப்போது நடுத்தர விலையில் பெயருள்ள காயில்ஓவரை வாங்கி, அதன் உயர வரம்பின் மேல் முனையிலேயே வைத்து ஓட்டுவதில் நியாயம் உண்டு.

வருடத்துக்கு மூன்று நான்கு முறையாவது இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்துக்கோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ போகிறவருக்குக் காயில்ஓவர் பொருந்தும். ஆனால் அவரும் முதலில் டயருக்கும் பிரேக் பேடுக்கும் ஒரு நாள் பயிற்சிக்கும் செலவழிக்கட்டும். அலுவலகம், ஒசூர் சாலை, தீபாவளிக்குச் சொந்த ஊர் என்று ஓட்டுகிறவருக்கு 20 முதல் 25 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங்கே தாராளம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பாருங்கள். வளைவின் நடுவே ஒரு பள்ளம் வரும்போது டயரைத் தரையில் வைத்திருப்பது சக்கரத்தின் பயணத் தூரம்தான்.

தாழ்த்தினால் சாய்வு குறையும் என்பதும் பாதி உண்மையே. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (சக்கரத்தை மேலே ஷாக்கும் கீழே ஒரு கரமும் பிடிக்கும் அமைப்பு) வைத்த முன்பகுதியில் அதிகம் தாழ்த்தினால் அந்தக் கீழ்க்கரத்தின் சக்கரப் பக்க முனை மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்போது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அந்தப் புள்ளி காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போகும். சாய்க்கும் நெம்புகோல் நீள்கிறது. ஸ்பிரிங்கில் கூட்டிய விறைப்பின் ஒரு பகுதியை அதுவே தின்றுவிடுகிறது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்கிறது. ஸ்பிரிங் பெட்டியில் ஜெர்மன் சான்றிதழ் இருப்பது இங்கே செல்லாது. வாங்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேளுங்கள். மறைத்தால் விபத்துக்குப் பின் இழப்பீடு மறுக்கப்பட இடமுண்டு.

மாட்டும் நாளில்

நீங்களே ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்ற முயல வேண்டாம். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் எலும்பு முறியும். பட்டறையில் கூடவே நின்று மூன்றைக் கவனியுங்கள்.

முதலாவது, சக்கரத்தைப் பிடித்திருக்கும் கட்டுப்பாட்டுக் கரங்களின் புஷ் போல்ட்டுகளைக் கார் தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். நான் முதலில் கொடுத்த பட்டறையில் லிஃப்டில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கிவிட்டார்கள். ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்தது. கார் எதிர்பார்த்ததைவிட உயரமாக நின்றது. நான்கே மாதத்தில் புஷ் கிழிந்தது. இரண்டாவது, கம்பெனி ‘ஒருமுறை மட்டும்’ என்று சொல்லும் போல்ட்டுகளைப் புதிதாக வாங்கிக் கொடுங்கள். மூன்றாவது, ஸ்டியரிங்கை முழுவதுமாகத் திருப்பி பிரேக் குழாயும் ஏபிஎஸ் வயரும் இழுபடுகின்றனவா என்று பாருங்கள்.

வீல் அலைன்மென்டை அன்றே செய்துவிட்டு, ஸ்பிரிங் படிந்த பின் சில நூறு கிலோமீட்டரில் மறுபடி செய்ய வேண்டும். தாழ்த்தினால் கேம்பரும் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) டோவும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறும். டோ கெட்டால் டயரின் உள் விளிம்பு உங்கள் கண்ணுக்குத் தெரியாமலே தேய்ந்து கம்பி வெளியே வரும். முகப்பு விளக்கின் மட்டத்தையும் சரி பாருங்கள்.

காயில்ஓவர் என்றால் குமிழை முழு விறைப்புக்கு மூடி, அங்கிருந்து கிளிக்குகளை எண்ணி நடுவில் வையுங்கள். கான்கிரீட் சாலையின் இணைப்புக் கோடுகள் தொடர்ச்சியாக வரும் ஓர் ஒரு கிலோமீட்டரைச் சோதனைக் களமாக வைத்துக்கொள்ளுங்கள். மேட்டுக்குப் பின் உடம்பு இரண்டாம் முறை எழும்பினால், விரியும் தடையை இரண்டு கிளிக் கூட்டுங்கள். தொடர் கோடுகளில் கார் மெல்ல மெல்லக் கீழே அமுங்கிக்கொண்டே போவது போலிருந்தால் குறைத்துவிடுங்கள். ஸ்பிரிங் விரிய நேரம் கிடைக்கவில்லை என்று பொருள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், ஒரே அச்சின் இரு பக்கமும் சமமாக, ஒவ்வொன்றும் நோட்டில் தேதியோடு.

கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்குகளைப் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். காரை விற்கும்போது வேண்டும். மனம் மாறினாலும் வேண்டும். எனக்கு மாறியது, இப்போது 20 மில்லிமீட்டர் தாழ்வோடு நிறுத்திக்கொண்டேன். சாக்கில் கட்டி, ‘முன் இடது’, ‘முன் வலது’ என்று பெரிய எழுத்தில் எழுதிப் பரணில் ஏற்றுங்கள். எழுதாமல் வைத்த என் செட்டை அம்மா இரண்டு முறை பழைய இரும்புக்காரரிடம் எடை போடப் பார்த்தார்.